உழைச்செல்வானும் அடைத்த கதவும்: நோயுற்ற பெற்றோர் பற்றிய தமிழிலக்கிய நோக்கு

1

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவது. அதன் முற்பகுதி பெரும்பாலும் உணவையும் செரிமானத்தையும் பேசுகின்றது. பிற்பகுதி மருத்துவன் நோயை ஆராயவேண்டிய முறையைக் கூறுகின்றது. அதிகாரத்தை முடித்துவைக்கும் 950 ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்தேயிருந்து மருந்தூட்டிப் பேணுபவனே உழைச்செல்வான். இந்நான்கு கூறுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகளை வகுத்துக் கூறும் பரிமேலழகர், உழைச்செல்வானிடம் வேண்டப்படுவன நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகியன என்பர். சரக சங்கிதையும் மருத்துவனையும் மருந்தையும் நோயாளியையும் பேணுபவனையும் மருத்துவத்தின் நான்கு பாதங்களாகவே கொள்ளும். எனவே இது வள்ளுவர் ஒருவரின் தனிக்கருத்தன்று. இந்திய மருத்துவ மரபின் பொதுக்கொள்கை எனலாம். பக்கத்தில் இருப்பவன் மருத்துவத்துக்குப் புறம்பானவன் அல்லன், அவன் அதன் காற்பங்கு என்பதே அக்கொள்கையின் சாரம்.

அக்காற்பங்கு இன்று கதவுக்கு வெளியே நிற்கின்றது. களனி கங்கைக்கு வடக்கே, கொழும்பு நகர எல்லையை ஒட்டியமைந்த வத்தளையில் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களுள் ஒன்றில் முதிய தாயொருத்தி திடீரென மூச்சுத்திணறி வீழ்ந்தால், அவளை றாகமைக்கோ கொழும்புக்கோ அண்மையிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கோ கொண்டு செல்வர். சில மணி நேரத்தில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் இருப்பாள். வாய்வழியாகச் செலுத்தப்பட்ட குழாய் செயற்கைச் சுவாசக் கருவியுடன் இணைந்திருக்கும். மயக்க மருந்து ஊசிவழி இறங்கிக்கொண்டிருக்கும். மகள் வெளியே வாங்கில் அமர்ந்திருப்பாள். குறித்த நேரத்தில், குறித்த நிமிடங்களுக்கு, கைகழுவி, மேலங்கி அணிந்து உட்செல்ல அவளுக்கு அனுமதியுண்டு. எஞ்சிய பொழுதெல்லாம் அவளுக்குரிய காட்சி மூடிய கதவொன்றே. அவளது கையிலுள்ள தொலைபேசியிலோ ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சகோதரர் இடைவிடாது அழைத்துக்கொண்டிருப்பர்.

இவ்வாறு அமர்ந்திருப்பவளுக்குத் தமிழிலக்கியம் எதனைக் கொடுத்துள்ளது? பெற்றோரின் நோய்ப்படுக்கையருகே பிள்ளை யாராக இருத்தல் வேண்டும் என்பது பற்றி இரண்டாயிரமாண்டு மரபு என்ன கூறியுள்ளது, எதனைக் கூறாது விட்டுள்ளது? இவ்வினா இலக்கிய ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. இலக்கியம் சொல்லாது விட்டதனை வாழ்க்கையிற் சொல்லவேண்டிய நிலை நேரும்போது மனிதர் சொல்லின்றித் தவிப்பர். அத்தவிப்பில் ஓர் உயிரைப் பற்றிய தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன.

2

மரபின் முதலாவது மௌனம் திருக்குறளிலேயே காணப்படுவது கவனிக்கத்தக்கது. மக்கட்பேறு என்னும் ஏழாம் அதிகாரம் தந்தைக்கும் மகனுக்குமிடையே உள்ள கடமைகளை வரையறுக்கின்றது. தந்தை மகனுக்குச் செய்யும் நன்றி, அவனைக் கற்றோர் அவையிலே முந்தியிருக்கச் செய்தல். மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு, இவனைப் பெறத் தந்தை என்ன தவம் செய்தானோ எனப் பிறர் வியக்குமாறு வாழ்தல். இரண்டுமே புறவுலகில் நிகழ்வன; இரண்டுக்கும் சாட்சியாக ஊரார் வேண்டும். நோயுற்ற தந்தையின் படுக்கை அங்கே இல்லை. மறுபுறம், மருந்ததிகாரத்தில் வரும் உழைச்செல்வானுக்கு உறவுமுறை இல்லை. அவன் மகனா, மனைவியா, ஏவலனா என்பது கூறப்படவில்லை. ஏழாம் அதிகாரத்து மகன் அவையில் நிற்கின்றான். தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்து உழைச்செல்வான் பெயரற்றுப் படுக்கையருகே நிற்கின்றான். இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. பிள்ளையின் கடமையைப் புகழோடும், பேணுதலை ஏவற்பணியோடும் சேர்த்து நோக்கும் மனப்பாங்கு நம்மிடையே நிலைபெற்றமைக்கு இப்பிரிவு ஓர் அடையாளமாகும்.

இரண்டாவது மௌனம் காவியத்திற் காணப்படுவது. கம்பராமாயண அயோத்தியா காண்டத்தில் தயரதன் இறக்கும்போது நான்கு புதல்வருள் ஒருவரும் அருகில் இல்லை. இராமனும் இலக்குவனும் கானகத்தில். பரதனும் சத்துருக்கனனும் கேகய நாட்டில். பார்வையற்ற பெற்றோரைப் பேணிய முனிகுமாரனை அறியாது கொன்ற பழம்பழியின் விளைவே இது எனக் காவியம் காரணம் காட்டுகின்றது. பெற்றோரைப் பேணும் பிள்ளை அங்கே நினைவுகூரப்படும் கிளைக்கதையில் மட்டுமே வருகின்றான். அக்கதையிலும் அம்புபட்டு மடிகின்றான். தயரதன் இறந்தபின் வசிட்டர் செய்யும் ஏற்பாடு அறியப்பட்டதே. தொலைவிலுள்ள மகன் வந்து சேரும்வரை உடல் தைலத்தில் இடப்படுகின்றது. அப்படலத்துக்கே தைலமாட்டு என்பது பெயர். ஓடிவந்த பரதனுக்கோ கொள்ளிக்கடனும் மறுக்கப்பட, இளையவனான சத்துருக்கனனே ஈமக்கடனைச் செய்கின்றான்.

மூன்றாவதாக, பட்டினத்தார் மரபைக் குறிப்பிடல் வேண்டும். துறவு பூண்டபோதும் தாய்க்கு வாக்களித்தவாறு வந்து ஈமக்கடன் செய்த மகனாக அவரைத் தமிழ்ச் சமூகம் போற்றுகின்றது. இன்றும் இழவு வீடுகளில் அவர் பாடல்கள் ஓதப்படுகின்றன. ஆயினும் அங்கும் மகன் வருவது மரணத்துக்கே. தாயின் நோய்க்காலத்தை அம்மரபு பாடுவதில்லை.

இவை தற்செயலானவை அல்ல. தமிழின் இலக்கிய வடிவங்களை நோக்கின், மரணத்துக்கெனப் பல வடிவங்கள் உண்டு. புறத்திணையிற் கையறுநிலை உண்டு. நாட்டார் வழக்கில் ஒப்பாரி உண்டு. ஈழத்தமிழரிடையே முப்பத்தொராம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு என்னும் நினைவுமலர் உண்டு. குலமரபு, பஞ்சபுராணம், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என அதன் உறுப்புகள்கூட வரையறுக்கப்பட்டுள்ளன. நோய்க்காலத்துக்கென இவ்வாறு வரையறுத்த வடிவம் ஒன்றில்லை. இரங்கற்பாவுக்கு முடிந்துபோன நிகழ்வு தேவை. நோயோ முடியாதது, இன்று தேறி நாளை தளர்வது, முடிவு இன்னதென அறியவொண்ணாதது. முடிவறியாத காலத்தைப் பாடுதற்கு வேறுவகை வடிவம் வேண்டும். அவ்வடிவத்தை மரபு பெற்றோர் பொருட்டு உருவாக்கவில்லை.

3

எனினும் மரபு முற்றாக வெறுமையானது எனக் கூறுதல் பொருந்தாது. நோய்க்காவலைப் பாடும் அரிய செய்யுளொன்று புறநானூற்றில் உண்டு. 281 ஆம் பாட்டாகிய அது அரிசில்கிழார் பாடியது, காஞ்சித்திணையைச் சார்ந்தது. விழுப்புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காப்பதற்கு அவனது மனைவி தோழியரை அழைப்பதாக அது அமைந்துள்ளது. மனையின் இறைப்பிலே இரவந்தழையும் வேம்பும் செருகப்படுகின்றன, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன, ஐயவி சிதறப்படுகின்றது, மணி அடிக்கப்படுகின்றது, காஞ்சி பாடப்படுகின்றது, நறும்புகை ஊட்டப்படுகின்றது. பேய் அணுகாமற் காத்தல் என இலக்கணிகள் இதற்குப் பெயரிட்டனர். பேய் என்னும் சொல்லை நீக்கிவிட்டு நோக்கின் எஞ்சுவது யாது? வரையறுக்கப்பட்ட இடம், காக்கப்படும் வாயில், இடையறாத ஒலி, முறைவைத்து விழித்திருக்கும் மனிதர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் உறுப்புகள் அனைத்தும் அங்குள்ளன. ஒரு வேறுபாடு மட்டுமே உண்டு: அங்கே அன்புடையோர் உள்ளே நிற்கின்றனர். அவ்விரவின் முடிவு பாட்டிற் கூறப்படாமையும் கருதத்தக்கது. வீரன் பிழைத்தானா என்பதைப் புலவர் சொல்லவில்லை, காவலையே பாடினார். வீரயுகச் சமுதாயத்துக்குப் போரிற் புண்பட்டவனைக் காத்தல் உயிர்த்தேவையாக இருந்தமையின் அதற்கோர் இலக்கியத் துறை பிறந்தது. மூத்துப் பிணியுற்ற தாய்க்கு அத்தகைய துறை பிறக்கவில்லை.

நவீன இலக்கியத்தில் உழைச்செல்வானை அவனுக்குரிய முழு மனிதத்தோடு முதலில் வரைந்தவர் புதுமைப்பித்தன். அவரது செல்லம்மாள் என்னும் சிறுகதையில் சென்னையின் துணிக்கடையொன்றிற் பணிபுரியும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவியைத் தனியொருவராகப் பேணுகின்றார். கதை அவளது மரணத்திலிருந்தே தொடங்குகின்றது. முடிவைப் பற்றிய ஆவல் வாசகனுக்கு ஆரம்பத்திலேயே மறுக்கப்படுகின்றது. எஞ்சுவது கஞ்சி வைத்தல், விளக்கேற்றல், சுரவேகத்திற் பிதற்றுபவளுக்கு விடைகூறல் என்னும் சிறு செயல்கள். புலம்பல் இல்லை; தியாகப் பேருரை இல்லை. பேணுதல் என்பது உணர்ச்சி அன்று, அது ஒரு தொழில் என்பதைத் தமிழ் உரைநடை அக்கதையில் அறிந்துகொண்டது எனலாம். ஆனால் அங்கும் நோயாளி மனைவி, இடம் வீடு.

நோயாளி வீட்டைவிட்டு வைத்தியசாலைக்குள் நுழைந்தபின் நிகழ்வதைச் சுஜாதாவின் நகரம் காட்டுகின்றது. மூளைக்காய்ச்சல் கண்ட பாப்பாத்தியை அவளது தாய் வள்ளியம்மாள் கிராமத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுவருகின்றாள். பெரிய டொக்டர் குழந்தையை அனுமதிக்குமாறு கூறிவிடுகின்றார். மருத்துவம் அங்கே தோற்கவில்லை. தோற்பது மருத்துவத்துக்கும் தாய்க்குமிடையே உள்ள துண்டுச் சீட்டுகளும் வரிசைகளும் அறிவிப்புப் பலகைகளுமாகிய மொழி. அம்மொழியை வாசிக்கவியலாத வள்ளியம்மாள் குழந்தையுடன் திரும்பிச் சென்று வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொள்கின்றாள். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றும் இருந்தன. நான்காவது கூறாகிய தாயை நிறுவனம் உள்வாங்கவில்லை. ஆகவே ஏனைய மூன்றும் பயனற்றுப்போயின. 950 ஆம் குறளுக்கு இருபதாம் நூற்றாண்டு எழுதிய எதிர்மறை உரையாக இக்கதையைக் கொள்ளலாம்.

அசோகமித்திரனின் பிரயாணம் இவ்வரிசையிற் சேர்த்து எண்ணப்படவேண்டியது. மலைப்பாதையில் நோயுற்ற குருவை இழுத்துச் செல்லும் சீடன், அவர் இறந்துவிட்டார் என முடிவுசெய்து, அவ்வுடலை ஓநாய்களிடமிருந்து காக்க முனைந்து தோற்கின்றான். மறுநாள் சிதைந்து கிடக்கும் குருவின் கையில் ஓநாயொன்றின் பிய்க்கப்பட்ட கால் இருக்கக் காண்கின்றான். இறந்தவர் எனக் கொண்டவர் போராடியிருக்கின்றார். பக்தி மிகுந்த சீடனும் தன் குருவின் நிலையைத் தவறாக வாசிக்கக்கூடும் என்பதே அக்கதையின் கொடூரமான உண்மை. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். பரிமேலழகர் அன்பை முதலிலும் அறிவை இறுதியிலும் வைத்து எண்ணியமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

4

தீவிர சிகிச்சையின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு வியப்புண்டு. இன்று உழைச்செல்வானை வெளியே நிறுத்தும் இப்பிரிவு, உழைச்செல்வானின் கையிலேயே பிறந்தது. 1952 ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. சுவாசத்தசைகள் செயலிழந்தவர்களுட் பெரும்பாலானோர் இறந்தனர். மயக்கமருந்து வல்லுநரான பியோன் இப்சன், பிளெக்டம் வைத்தியசாலையிற் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் கழுத்திற் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இரப்பர்ப் பையொன்றைக் கையால் அமுக்கிச் சுவாசம் ஊட்டினார். அம்முறை பயன்தந்ததும், இயந்திரங்கள் போதாமையாற் சுமார் 1500 மாணவர் முறைவைத்து அழைக்கப்பட்டனர். அவர்கள் நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து, இரவும் பகலும், வாரக்கணக்காகக் கையால் மூச்சளித்தனர். 1953 இன் இறுதியில் அந்நகரிலேயே இப்சன் தனிப்பிரிவொன்றை அமைத்தார். இலங்கையில் இவ்வகைப் பிரிவு 1960களின் பிற்பகுதியிற் கொழும்புப் பொது வைத்தியசாலையில் ஏற்பட்டது. பின்னர் அக்கைகளின் இடத்தை இயந்திரம் பெற்றது. தொற்றுத் தடுப்பு, இடநெருக்கடி, தாதியரின் வேலைப்பளு ஆகிய நியாயமான காரணங்களால் உறவினர் வெளியே நிறுத்தப்பட்டனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பல பிள்ளைகளுக்குத் தொலைபேசித் திரையே பெற்றோரின் இறுதிக் காட்சியாயிற்று.

நோயாளியைச் சுவரிட்டுப் பிரித்தல் வத்தளைக்குப் புதிதன்று. அவ்வூரை அடுத்த ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708 இல் தொழுநோயாளர் இல்லம் ஒன்றை நிறுவினர். அங்கே சுவர் எழுந்தது நோயாளியிடமிருந்து சமூகத்தைக் காப்பதற்கு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு இருப்பதோ வெளியிலிருந்து வரும் கிருமியிடமிருந்து நோயாளியைக் காப்பதற்கு. நோக்கங்கள் நேர்மாறானவை. ஆயினும் வெளியே நிற்பவர் அனுபவிப்பது ஒன்றே என்பதை மறுக்கவியலாது.

மொழிப் பிரச்சினை இதனை மேலும் சிக்கலாக்குகின்றது. சுவாசக்குழாய் பொருத்தப்பட்டவர் பேசவியலாதவர். குழாய் அகற்றப்பட்டதும் பலர் சில நாட்கள் மனக்குழப்பத்தில் ஆழ்வதுண்டு. அந்நிலையில் வருவது பெரும்பாலும் தாய்மொழியே. பிற்காலத்திற் கற்ற சிங்களமும் ஆங்கிலமும் உதவமாட்டா. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அவள் தண்ணீர் கேட்கக்கூடும். இறந்துபோன தமையனை அழைக்கக்கூடும். அறியாத செவிக்கு இரண்டும் ஒரே பிதற்றலாகவே கேட்கும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் நள்ளிரவிற் படுக்கையருகே அது நடைமுறையாவது, அவ்வேளையிற் கடமையிலிருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருத்தலைப் பொறுத்தது. சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடும் மகள் மூன்று மொழிகளுக்கிடையே நிற்கின்றாள். மருத்துவர் ஆங்கிலக் கலைச்சொல்லாற் கூறுவதைச் சிங்களத்தில் விளக்கம் கேட்டு, தமிழிற் தொலைபேசிவழி சகோதரருக்கு உரைக்கின்றாள். ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஏதோவொன்று உதிர்ந்துவிடுகின்றது. பெரும்பாலும் உதிர்வது ஐயப்பாட்டைக் குறிக்கும் சொல்லே. பிழைக்கக்கூடும் என்பது பிழைப்பார் என்றாகின்றது. கடினம் என்பது கைவிட்டார்கள் என்றாகின்றது.

இதற்கு எதிரான முன்னுதாரணம் நமது மண்ணிலேயே உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலையும் இரணவைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ்நூல்களாக்கினார். நோயாளியின் மொழியில் மருத்துவன் சிந்திக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை தொடர்ந்து வளர்ந்திருப்பின் வத்தளை மகளின் சுமை ஓரளவேனும் குறைந்திருக்கும்.

5

கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட உழைச்செல்வானுக்கு இனி என்ன பணி எஞ்சியுள்ளது? முன்னர் அவன் கையாற் செய்தவற்றை இப்போது தாதியர் அவனைவிடச் செம்மையாகச் செய்கின்றனர். எஞ்சியிருப்பது சொல். பேசவியலாதவரின் நினைவாகவும் குரலாகவும் நிற்றலே அவனது புதுப்பணி. அவர் எந்த மருந்துக்கு ஒவ்வாமையுடையவர், எச்செவி மந்தமானது, எப்பெயரால் அழைத்தால் விழிதிறப்பார் என்பவற்றை அறிந்தவர் வேறொருவர் இல்லை. பழகிய குரல், மூக்குக்கண்ணாடி, செவிப்புலக் கருவி, இன்று என்ன கிழமை என்னும் செய்தி ஆகியன மனக்குழப்பத்தினின்று நோயாளியை மீட்க உதவுவன என்பது தீவிர சிகிச்சைத் தாதியியலின் பாலபாடம். பத்து நிமிடப் பார்வை நேரத்தில் அழுது வெளியேறும் மகளைவிட, அம்மா இன்று புதன்கிழமை, மழை பெய்கின்றது, மூச்சுக்கு ஒரு கருவி உதவுகின்றது, அதனாற்தான் பேசமுடியவில்லை எனத் தெளிவாகக் கூறும் மகள் மருத்துவத்தின் காற்பங்கைச் செய்பவளாவாள்.

இதனினும் கடினமானது தீர்மானத்தின்போது நோயாளியின் குரலாதல். சுவாசக் கருவியிற் பல நாட்கள் கழிந்தபின், கழுத்திற் துளையிடுவதா, சிறுநீரகம் செயலிழப்பின் இரத்தச் சுத்திகரிப்புக்கு உட்படுத்துவதா, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்கையிற் சிகிச்சையை மேலும் கூட்டுவதா எனும் வினாக்கள் எழும். இவற்றுக்கு விடைகூறுகையிற் பிள்ளைகள் பெரும்பாலும் தமது அன்பை நிறுவ முனைகின்றனர். எல்லாவற்றையும் செய்யுங்கள் என்னும் தொடர் மக்கட்பேற்றதிகாரத்தின் இக்கால வடிவம்; ஊரார் முன்னிலையில் நல்ல பிள்ளையாய் விளங்குதற்கான தொடர். கேட்கப்படவேண்டியதோ வேறு: இந்நிலையிற் தன்னைப் பற்றித் தானே கூறமுடிந்தால் அம்மா எதனைக் கூறியிருப்பாள்?

இவ்விடத்திலேயே தைலத்தோணி மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1983 இன் வன்செயல்களின் பின்னர் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் உலகெங்கும் சிதறின. கொழும்பிலும் வத்தளையிலும் முதியோர் தங்க, பிள்ளைகள் கண்டங்களுக்கு அப்பால் வாழ்கின்றனர். விசாவும் விமானச் சீட்டும் பெற்று மகன் வந்துசேரும்வரை கருவியை நிறுத்தவேண்டாம் எனக் கோருதல் இயல்பான மனிதவேட்கை. அதனை இகழ்தல் தகாது. ஆயினும் தயரதன் தைலத்தில் இடப்பட்டது உயிர் பிரிந்தபின் என்பதை மறத்தலாகாது. தைலத்திற் கிடந்த உடலுக்கு வலி இல்லை. கருவியோடு இணைந்த உடலுக்கு வலி உண்டு. வருபவனின் ஆறுதலுக்காகக் கிடப்பவரின் வேதனை எவ்வளவு நீளலாம் என்ற வினாவைக் கம்பரின் காவியம் எழுப்பவேண்டியிருக்கவில்லை. நமது காலம் எழுப்பவேண்டியுள்ளது.

இன்னுமொன்று. உழைச்செல்வான் என்பது ஆண்பாற் சொல். நடைமுறையிற் பக்கத்தில் இருப்பவள் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். புறநானூற்றுப் பாட்டில் விழித்திருந்தோரும் பெண்டிரே. ஆனால் தீர்மானம் கூறும் உரிமை தொலைவிலுள்ள ஆண்மகனுக்கு என்னும் வழக்கு இன்னும் மறையவில்லை. இருப்பவளுக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவன் இருப்பதில்லை. ஏழாம் அதிகாரத்துக்கும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்கும் இடைப்பட்ட பிளவு இவ்வாறு ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகளுக்கிடையே பிளவாகின்றது. நாள்தோறும் நோயாளியின் முகத்தைக் கண்டவளின் சொல்லுக்கு முதன்மை அளித்தலே நியாயம்.

6

இலக்கிய மாணவர் குறிப்பாகக் கருதவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 1980கள் தொடக்கம் ஸ்கண்டிநேவிய நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு புதிய எழுத்துவகை தோன்றியது. மயக்கநிலையிற் கிடக்கும் நோயாளியின் பொருட்டுத் தாதியரும் உறவினரும் அன்றாடம் குறிப்பேடு எழுதினர். இன்று காய்ச்சல் குறைந்தது, இன்று உங்கள் மகள் வந்தாள், இன்று முதன்முறையாகக் கை அசைத்தீர்கள் என்றவாறு அமையும் எளிய வாக்கியங்கள் அவை. தேறியெழுந்தவர்களுக்கு அந்நாட்கள் பற்றிய நினைவு இல்லை. இருப்பவை பெரும்பாலும் மயக்கத்திற் தோன்றிய பயங்கரக் கற்பனைகள். குறிப்பேட்டை வாசிக்கையில் இழந்த நாட்கள் மீண்டும் கதையாக ஒழுங்குபெறுகின்றன. ஐரோப்பிய நாடுகள் ஆறில் 352 நோயாளரிடை நடத்தப்பெற்று 2010 இல் வெளியான ஆய்வொன்று, குறிப்பேடு பெற்றோரிடை அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு 5 வீதத்தினருக்கும் பெறாதோரிடை 13 வீதத்தினருக்கும் புதிதாக ஏற்பட்டதைக் காட்டியது. பிரான்சில் நடத்தப்பெற்று 2019 இல் வெளியான பெரிய ஆய்வு அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும். குறிப்பேட்டை மருந்தெனக் கூறுதல் மிகையாகலாம். ஆனால் கதவுக்கு வெளியே இருப்பவருக்கு அது ஒரு தொழிலைக் கொடுக்கின்றது. தீவிர சிகிச்சையின் வடு குடும்பத்தினரையும் பற்றுகின்றது என்பதை மருத்துவ உலகமே 2012 இற் பெயரிட்டு ஏற்றுக்கொண்டுள்ளமையால் இதுவும் சிறிய பயனன்று.

நமது கல்வெட்டு மரபோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. கல்வெட்டு மரணத்தின் முப்பத்தொராம் நாளில் வெளிவருவது. குறிப்பேடு நோயின் முதல் நாளிலே தொடங்குவது. கல்வெட்டுக்குரிய மொழி விருத்தப்பாவின் உயர்மொழி. குறிப்பேட்டுக்குரியது கட்டிலருகே பேசும் மொழி. கல்வெட்டைப் போற்றப்படுபவர் வாசிக்கப்போவதில்லை. அதன் வாசகர் ஊரார். குறிப்பேட்டின் வாசகர் ஒருவரே. அவர் எழுந்து வாசிக்கக்கூடும் என்ற நம்பிக்கையே அதனை எழுதுவிக்கின்றது. எழாது போயினும், எழுதியவர் அந்நாட்களில் அவரை இறந்தவராக எண்ணாது, முன்னிலையில் விளித்துப் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்கு அது சான்றாகும். பிரயாணத்தின் சீடன் செய்யத் தவறியதும் அதுவே.

தமிழிற் கையறுநிலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கையறாத நிலைக்கே. கை இன்னும் எதையோ செய்யக்கூடிய அக்குறுகிய காலத்தைச் சொல்லும் எழுத்துக்கே. அரிசில்கிழார் ஒருமுறை அதனைப் பாடினார். புதுமைப்பித்தன் ஒருமுறை அதனை உரைநடையாக்கினார். இன்று வத்தளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வைத்தியசாலை வாங்குகளில் அமர்ந்திருப்போரின் மடியில் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தால், அதில் நாளொன்றுக்கு நான்கு வரி தமிழில் எழுதப்பட்டால், பார்வை நேரத்தில் அவ்வரிகள் படுக்கையருகே வாய்விட்டு வாசிக்கப்பட்டால், உழைச்செல்வான் தனது இடத்துக்கு மீண்டவனாவான். கதவு மூடியிருப்பினும் அக்காற்பங்கு மருத்துவம் தடைப்படாது.